இருவருக்கு ஒரு ஜோடி

பிப்ரவரி 9

என் செல்லச் சுண்டெலிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். இத்தனை நாள் இல்லாமல் இவளுக்கு என்ன திடீர் கடிதம் என்று நீ மூக்கைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. என் போன் பழுது. உன் அத்தான் சரிசெய்யக் கொடுத்திருக்கிறார். அது வரும்போது வரட்டும். பேசினால் பாதியில் மறந்துபோகும், எழுதினால் நிதானமாக எழுதலாம்.

நேற்று மாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் நம் கடைத்தெருவின் முனை தெரியும். ஒத்தைச் செருப்புக் கடைக்காரர் இன்னும் இடது கால் செருப்புகளை மட்டும்தான் வாசலில் தொங்கவிடுகிறார். சின்ன வயதில் நீ அவரிடமே போய், “வலது காலெல்லாம் யாரு வாங்கிட்டுப் போனாங்க?” என்று கேட்டாயே. அவர் சிரிக்கவே இல்லை. அம்மாதான் கடையை விட்டு வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நம் கறுப்பு ஷூ நினைவிருக்கிறதா? எனக்குக் காலைப் பள்ளி, உனக்கு மதியப் பள்ளி. வீட்டுக்கு ஒரே ஜோடி. நான் பள்ளி விட்டு ஓடி வருவேன். நீ தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வெறுங்காலோடு நிற்பாய். நான் கழற்றித் தர, நீ போட்டுக்கொண்டு ஓடுவாய். “உள்ள சுடுது, உன் கால் அடுப்பா?” என்று தினமும் திட்டுவாய். நான் வெறுங்காலோடு வீட்டுக்கு நடப்பேன். நமக்கு ஒரே அளவு என்பதில் அம்மாவுக்கு எவ்வளவு பெருமை.

உன் கால் இப்போது என்ன அளவு? வளர்ந்திருக்கிறதா, அப்படியேதானா? துணி அளவும் எழுது. கடைத்தெருவில் புதுச் சரக்கு வந்திருக்கிறது, உனக்கு ஏதாவது எடுக்கலாம் என்று ஆசை.

உன் அத்தான் இதைப் படித்துவிட்டு, “செருப்பப் பத்தியா இவ்ளோ எழுதுவ?” என்று சிரிக்கிறார். அவர்தான் தபாலில் சேர்ப்பார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் வைத்துப் படித்துத் தூண் காட்சியில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதோடு அன்று முழுக்க நான் தலை நிமிரவில்லை.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. வருகிற புகார்க் கடிதங்களைப் படித்து, எது எந்தப் பிரிவுக்கு என்று பிரித்து அனுப்புவது. நம் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அடுத்தவர் குறைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. எதைப் படித்தாலும், இவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்று தேடத் தோன்றுகிறது. உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ செருப்புக் கடையை எழுதினாய். எனக்கோ அதற்கு எதிரே இருந்த துணிக்கடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கண்ணளவுக்காரர் நாடாவைத் தொடவே மாட்டார். தலை முதல் கால்வரை ஒரு பார்வை, மேல் தட்டிலிருந்து ஒரு சட்டை. அம்மா உடனே, “இன்னும் கொஞ்சம் பெருசா குடுங்க, வளர்ற புள்ள” என்பாள். நிறம் பார்க்கத் துணியை வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். குழல் விளக்கில் எல்லாத் துணியும் பொய் சொல்லும் என்பாள்.

அதே வாசல் வெயிலில்தான் உன்னை நிற்க வைத்துச் சிவப்புத் துணியைத் தோளில் போட்டுப் பார்த்தாள். “சித்தி பொண்ணுக்குடி. அவளும் உன் நிறம்தான்.” நீயும் நம்பித் திரும்பித் திரும்பி நின்றாய். பிறகு செருப்புக் கடையில் உன் காலை அளந்தார்கள். சித்தி மகளுக்கும் உன் கால்தானா என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பயத்தில் கேட்கவில்லை. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம்.

அதனால் கேட்கிறேன். என் அளவு இப்போது எதற்கு?

அத்தானுக்கு வணக்கம். போன வாரம் அவர் எண்ணுக்கு அழைத்தேன். நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மறுநாள் அழைத்தபோதும் குளித்துக்கொண்டிருந்தாய்.

உன்,
சுண்டெலி

மார்ச் 3

அடி என் எலிக்குஞ்சே,

உன் கடிதத்தை உன் அத்தான்தான் பிரித்துப் படித்துக் காட்டினார். குளியல் கதை வந்த இடத்தில் வீடே சிரித்தது. உனக்கு எப்போதும் எலிப்புத்திதான். பொட்டலத்தை முகர்ந்து பார்த்து முகர்ந்து பார்த்தே பட்டினி கிடப்பாய். அளவு கேட்டால் ஓர் அக்காவின் ஆசை என்று நினைக்கக் கூடாதா?

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே எல்லாம் ஒழுங்கு. வாசலில் செருப்பு கிடப்பது என் மாமியாருக்குப் பிடிக்காது. எல்லார் செருப்பும் அலமாரிக்குள் இருக்கும். சாவி உன் அத்தானிடம். நான் வெளியே போவதும் அவரோடுதான், அதனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு அடி தேயாமல் புதுசாகவே இருக்கிறது. நம் ஒத்தைச் செருப்புக்காரர் பார்த்தால் மறுபடி கடையில் தொங்கவிட்டுவிடுவார்.

அப்பா வந்திருந்தார். மாப்பிள்ளை கையில் நான் பத்திரம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

எண் தெரியாவிட்டால் அம்மா செய்த மாதிரி செய். செய்தித்தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. நம் இருவரில் ஒருத்தி காலை மட்டும் வரைந்து எடுத்துப்போவாளே, அப்படி. உன் பழைய துணிகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். உன் அறை எப்படி? இன்னொரு கட்டில் போட இடமிருக்குமா? கூட இருப்பவள் எப்படிப்பட்டவள்? எல்லாம் விவரமாக எழுது.

உன் அத்தானின் தம்பி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

ஆசையுடன்,
அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்ட கால் இத்துடன் இருக்கிறது. செய்தித்தாளில்தான் வரைந்திருக்கிறேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டிக்கொள்.

அக்கா, எனக்குச் சத்தமாகப் பேச வராது என்பதற்காக எதுவும் தெரியாது என்று ஆகிவிடாது. துணி அளவு, கால் அளவு, அறை எப்படி, கூட இருப்பவள் எப்படி, கடைசியில் தம்பி கேட்டார். புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள்கூட இதை எந்தப் பெட்டியில் போட வேண்டுமென்று சொல்லிவிடுவாள். உன்னைச் சிவப்புத் துணியால் ஏமாற்றினார்கள். நீ என்னைப் பழைய ஷூவால் ஏமாற்றப் பார்க்கிறாய். அம்மா இருந்து செய்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது.

செருப்பைக்கூடப் பூட்டி வைக்கிற அளவுக்கு வசதியான வீடு. சந்தோஷம். எனக்கு அந்த வீட்டில் இன்னொரு மருமகளாக வர விருப்பமில்லை.

என் அறை சின்னது. இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை. யாரும் வந்து பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தங்கை

மார்ச் 25

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ அனுப்பிய கால் வந்தது. தரையில் விரித்து அதன் மேல் என் காலை வைத்துப் பார்த்தேன். முன்னால் நிறைய இடம் மிச்சம். பஞ்சு அடைத்தாலும் நிற்காது. நீ நன்றாக வளர்ந்துவிட்டாய். ஒரே அளவு என்பதெல்லாம் அந்த வயதோடு சரி. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

நீ நினைக்கிற மாதிரி யாரும் எதுவும் பேசவில்லை. தம்பிக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாயிற்று. உன் அத்தான் உன் கடிதத்தைப் படித்து, “உன் தங்கச்சிக்கு ஆசையப் பாரு” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அறை சின்னது என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை. சும்மாதான் கேட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் மாமியாருக்குக் கண் சோதனை. உன் அத்தான் வெளியூருக்கு அழைத்துப் போகிறார். இரண்டு நாள் வீட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைக்க நிறைய இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. தலை நிமிர்ந்து நட. இனிமேல் அளவு கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

இதை நான் தபாலில் போடப் போவதில்லை. போட்டால் முதலில் பிரிப்பது நீ இல்லை. ஆனாலும் ஒரு முறை உனக்கு நேராக எழுதிவிட வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னுடன் இருப்பவள் நர்ஸ். நான் அனுப்பியது அவள் கால்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து அவளுக்கு ஆண்பிள்ளை மாதிரி கால். “எதுக்குடி என் காலு?” என்று கேட்டபோது சொல்லவில்லை. இப்போது எல்லாக் கடிதங்களையும் அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

“உங்க அக்காவுக்குச் செருப்பு இருக்கா?”

“இருக்கே. புதுசாவே இருக்காம்.”

“அலமாரிக்குள்ள இருக்கு. சாவி அவர்கிட்ட இருக்கு. கால்ல என்ன இருக்குன்னு கேக்குறேன்.”

அவள் விடவில்லை. “வார்டுல இப்படித்தான் வருவாங்க. விழுந்துட்டேன், வழுக்கிடுச்சு, அவர் ரொம்ப நல்லவர்னு சொல்லுவாங்க. பக்கத்துலயே அவர் நிப்பார்.”

மறுபடி முதலிலிருந்து படித்தேன், அக்கா. போன் பழுது. நீ குளிக்கிறாய். தபாலில் அவர் சேர்ப்பார். கடிதத்தை அவர் பிரிப்பார். அப்பா பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய துணியை யாருக்கும் கொடுக்காதே. இன்னொரு கட்டிலுக்கு இடமிருக்குமா. கட்டிய துணியோடு, வெறுங்காலோடு வந்தால் உன் துணியும் செருப்பும் எனக்குப் பொருந்துமா என்றுதான் நீ கேட்டிருக்கிறாய். அவர் கண் முன்னால் கேட்கக்கூடிய ஒரே விதத்தில் கேட்டிருக்கிறாய்.

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் புகார்களைப் படித்துப் பிரிக்கிறேன். உன்னுடையதை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், இடமில்லை என்று எழுதி. நான் சந்தேகப்பட வேண்டிய ஆளை விட்டுவிட்டு உன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நாளை வேறொரு கடிதம் எழுதுவேன். அதில் பாதி பொய்யாக இருக்கும். எது பொய் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவருக்குத் தெரியக் கூடாது.

உன் சுண்டெலி

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். அத்தான் மன்னிக்க வேண்டும். தம்பிக்கு என் வாழ்த்துகள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நான் அனுப்பியது என் கால் இல்லை. என்னோடு இருக்கும் நர்ஸின் கால். கோபத்தில் விளையாட்டாக அனுப்பினேன். என் உண்மையான கால் இத்துடன் இருக்கிறது. நீயே வைத்துப் பார். கொஞ்சம்கூட வளரவில்லை, அதே அளவுதான்.

அறையில் இப்போது இன்னொரு கட்டில் போட்டாயிற்று. நர்ஸின் தங்கை வந்து தங்கப்போகிறாளாம். மேசையை வெளியே தள்ளினோம், இடம் வந்துவிட்டது. வேண்டும் என்று நினைத்தால் வருகிறது. பழைய துணிகளை எல்லாம் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு விடுப்பே கிடைக்காது. இந்த வருடம் ஊருக்கு வர வழியில்லை. அதனால் உட்கார்ந்து பழசை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாம் கடைசியாக ஷூ மாற்றிக்கொண்டது என்றைக்கு? தேதிகள் உனக்குத்தான் நினைவிருக்கும். எனக்கு ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. நான் எப்போதும் முன்கூட்டியே வந்து நிற்பேன்.

சும்மா ஆசைக்குக் கேட்கிறேன். நேரமிருந்தால் எழுது.

உன்,
சுண்டெலி

ஏப்ரல் 14

அன்புச் சுண்டெலிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நீ ஊருக்கு வர முடியாது என்றதும் உன் அத்தான், “நல்லதுதான், வேலையப் பாக்கச் சொல்லு” என்றார். நர்ஸின் கால் கதைக்கு எல்லாரும் சிரித்தோம்.

உன் காலை வைத்துப் பார்த்தேன். கோடு என் காலைச் சுற்றிச் சரியாக வந்தது. சுண்டுவிரல் வளைவுகூட.

நர்ஸின் தங்கைக்குக் கட்டில் போட்டது நல்ல காரியம். பாவம், எங்கிருந்து வருகிறாளோ.

கடைசியாக மாற்றிக்கொண்டது ஏப்ரல் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. மதியம், அதே தண்ணீர்த் தொட்டி. அன்று தார் ரோடு கொதித்தது. வெறுங்காலோடு நடக்கிறவள் நான்தானே, எனக்குத்தான் தெரியும்.

நீ முன்கூட்டியே வந்து நிற்பாய் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். நான்தான் எப்போதும் தாமதம். மணி அடித்து, எல்லாரும் போய், நீ அழுகிற நிலைக்கு வந்த பிறகுதான் தெரு முனையில் தெரிவேன்.

ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

உன் அக்கா