அலமாரி நிறைய மருந்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்து நாலு வரி எழுதும் நிலையில் நான் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மடிமேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். போனில் சொல்ல வந்தால் "ஆரம்பிச்சிட்டியா அக்கா?" என்று சிரித்து வைத்துவிட்டாய். எழுதினால் படித்துத்தானே ஆகவேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் ஆய்வகத்து இலைச்சாறு பாம்பு விஷத்திலிருந்து எலிகளைக் காப்பாற்றியது என்று பேப்பரில் படித்தாயாம். அதே இலையை நீயே காய்ச்சி, தோட்டத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு பாட்டில் வைத்துவிட்டாயாம். எங்க அக்கா கண்டுபிடிச்ச மருந்து என்று வேலையாட்களிடம் பீற்றிக்கொண்டாயாம். இனி அவசரத்துக்கு வண்டி எதற்கு என்று ஜீப்பை விற்கப் போகிறாயாம். படித்ததும்தான் உனக்குப் போன் போட்டேன்.

அந்த எலிகளின் கதையைக் கேள். விஷத்தையும் சாற்றையும் முதலில் கண்ணாடிக் குழாயில் ஒன்றாகக் கலந்து ஊற வைப்போம். விஷத்தின் பல்லைச் சாறு பிடுங்கிய பிறகுதான் அதை எலிக்கு ஊசியில் போடுவோம். எலி பிழைக்காமல் என்ன செய்யும்? உன் தோட்டத்துப் பாம்பு அப்படிக் கலந்துகொண்டா கடிக்க வரும்? விஷம் ஏறியபின் சாறு கொடுத்த எலிகளும் உண்டு. அவை பிழைக்கவில்லை. பேப்பர்காரர்கள் அதைப் போடவில்லை.

சாறு குடித்துப் பிழைத்த ஓர் ஆளைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தாய். அவனைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும். விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். அடுத்தவனுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று யார் சொன்னது?

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லையே. எங்களுக்குப் பாம்பு விஷம் எடுத்துத் தருபவரைப் பாம்பு அண்ணன் என்போம். இன்று காலை ஆய்வகத்தில் நல்லபாம்பு ஒன்று அவர் கட்டைவிரலில் கடித்துவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் அலமாரி நிறைய எங்கள் சாறு, என் கையெழுத்தில் பெயர் ஒட்டிய பாட்டில்கள். ஒருவர் கைகூட அந்தப் பக்கம் போகவில்லை, தம்பி. அந்த மருந்துக்காக வருடக்கணக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட எங்கள் புரொபசரே "வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார். நானும்தான் ஓடினேன்.

விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்கு மூச்சு இன்னும் மெஷினில்தான் ஓடுகிறது. கொஞ்சம் தாமதித்திருந்தால் இதுவும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் உன் தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள காட்டுப் பாதைதான் ஞாபகம் வந்தது. செருப்புப் போடச் சொன்னால் முறைக்கும் உன் மகளின் கால்களும் ஞாபகம் வந்தன. பயமாக இருக்கிறது தம்பி.

ஜீப்பை விற்காதே. டேங்கை நிரப்பு. சாவியை உன் மனைவி கையில் கொடு. உன்னைவிட அவள் நன்றாக ஓட்டுவாள், நீ ஒப்புக்கொள்ளாவிட்டாலும். பாட்டில்களை எல்லார் கண் முன்னாலும் கொட்டு. அக்கா உளறிவிட்டாள் என்று சொன்னாலும் பரவாயில்லை. என் பேரை நம்பி யாரும் கடிவாயோடு கொட்டகையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதையே உன் மனைவிக்கும் தனியாக எழுதிப் போடுகிறேன். நீ கேட்காவிட்டாலும் அவள் கேட்பாள்.

கொட்டிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா