என் பெருவிரலில் மூன்று கம்பெனி

9 ஜனவரி 1996

வரி ஆபிஸிலிருந்து கடிதம். என் பெயருக்கு. எனக்கு எவன் கடிதம் போடுவான்? எனக்கு எழுத்து கிடையாது. வீட்டில் படிப்பும் எழுத்தும் என் பெண்சாதி நூர் பீவிதான். இந்தப் புத்தகத்தைக்கூட நான் சொல்ல அவள் எழுதுகிறாள். ஆபிஸ் மலாய் அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்த தெரு விநாசித்தம்பியிடம் கொண்டுபோனேன். நான் வேலை பார்த்த சிக்கந்தர் கம்பெனியின் கணக்கர் அவர். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார்.

முப்பத்தேழு பேர் சம்பளத்தில் பிடித்த வரியை, போன வருடம் முழுக்க நான் கட்டவில்லையாம். கட்டும்வரை நாட்டை விட்டு வெளியே போக முடியாதாம்.

நான் முதலாளியாம். டிசம்பர்வரை சிக்கந்தரின் லாரிக் கொட்டகை வாசலில் ஜாகாவாக, காவல்காரனாக உட்கார்ந்திருந்த முதலாளி.

ஏப்ரலில் ஹஜ். பதினாறு வருடம் சேர்த்து இந்தத் தடவைதான் எங்கள் இரண்டு பேர் பெயரும் வந்திருக்கிறது. நான் போகாவிட்டால், ஆண்துணை இல்லாமல் நூர் பீவியும் போக முடியாது. இதை எழுதும்போது அவள் கை நின்றுவிட்டது. எழுது என்றேன்.

10 ஜனவரி

நினைவு இருக்கிறது. 1974 மார்ச், வியாழக்கிழமை, நல்ல மழை. துறைமுகத்துக்கு எதிரே வெல்ட் கீ ஆபிஸில் பெரிய முதலாளி — சிக்கந்தருடைய வாப்பா — நீல மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்கானில் அப்போது நான் தண்டல். கூலியை முதலாளி மொத்தமாகத் தண்டல் கையில் கொடுப்பார். தண்டல் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பான். துறைமுகத்து வழக்கம் அது. கூலி கொடுப்பவர் யார் என்று பாரத்தில் கேட்டிருந்தது. தண்டல்தானே கொடுக்கிறான், இவன் பெயரையே போடு என்றார். அவர் மனசில் கள்ளம் இல்லை. எனக்கும் பெருமைதான். பெருவிரலை வைத்தேன். வரி ஆபிஸ் என் பெயரில் ஒரு முதலாளி நம்பர் கொடுத்தது.

மகனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. தொங்கான் வேலை குறைந்ததும் லாரிக் கம்பெனி திறந்தான். பட்டர்வொர்த்தில் சரக்குக் கிட்டங்கி திறந்தான். மூன்றும் தனித்தனிக் கம்பெனி. வரிக்கு மட்டும் ஒரே நம்பர். என் விரல் வைத்த நம்பர்.

12 ஜனவரி

லாரிக் கொட்டகைக்குப் போனேன். சிக்கந்தர் டீ வரவழைத்தான். நான் தொடவில்லை.

“நம்பர்தானே மாமு, கையா காலா? நா பாத்துக்கறேன் லா. ஹஜ்ஜு அடுத்த வருசம் போனாப் போச்சு. மக்கா எங்க ஓடியா போவப் போவுது?”

எனக்கு எழுபத்துமூன்று. அடுத்த வருசமாம்! லாரிக்காரன் அத்தனை பேரும் பார்க்க, களவாணிப் பயலே என்றேன். ஆளுக சம்பளத்துல புடிச்ச வரிய எங்கடா வச்சிருக்கே என்று கேட்டேன். கபுறில் கிடக்கிற அவன் வாப்பாவையும் இழுத்தேன். மிச்சத்தை எழுத மாட்டேன் என்கிறாள் நூர் பீவி.

13 ஜனவரி

அந்த டீக்கு மேசையில் காசு வைத்துவிட்டு வந்திருக்கணும்.

18 ஜனவரி

விநாசித்தம்பியோடு வரி ஆபிஸ். புவான் காமாரியா என்று ஒரு அம்மா. பழைய பாரத்தை எடுத்து வைத்து, “பாக்சிக், இது உங்க விரலா?” என்று மலாயில் கேட்டாள்.

நீல ரேகை. நடுவில் வெள்ளைக் கோடு — கயிறு அறுத்த தழும்பு. இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்குமோ? ஹஜ்ஜுக்குப் போகிறவன் பொய் சொல்லிவிட்டா போவது? என் விரல்தான், ஆனால் நான் முதலாளி இல்லை என்றேன்.

பிறகு அவள் சொன்னாள். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கும் சட்டம் போன ஜனவரியில் வந்தது. ஒரே குடும்பத்துக் கம்பெனிகளாக இருந்தாலும், ஒவ்வொன்றும் தனி முதலாளி, தனி நம்பர். சிக்கந்தர் மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே பட்டியல் அனுப்பியிருக்கிறான். பிரித்துக் கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் போகவே இல்லை. சம்பளத்தில் பிடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

விநாசித்தம்பி அங்கேயே பொங்கிவிட்டார். “மூண்டு கம்பெனி எண்டால் மூண்டு நம்பர் எண்டு தலையால அடிச்சுச் சொன்னனான் அண்ணே. கேட்டாரோ?”

நம்பர் மூன்று எடுத்து, யார் எந்த மாதம் எந்தக் கம்பெனியில் வேலை செய்தான் என்று பிரித்துக் கொடுத்தால் என் நம்பரை மூடிவிடலாமாம். ஆனால் சம்பளப் புத்தகம் ஒன்றே ஒன்று. லாரி ஆள் கிட்டங்கிக்குப் போவான், கிட்டங்கி ஆள் தொங்கானுக்குப் போவான். விநாசித்தம்பிக்கே பிரிக்கத் தெரியாது.

எனக்குத் தெரியும். காலையில் வாசலில் நின்று ஆளை அனுப்பினவன் நான்தானே.

29 ஜனவரி, நோன்பு எட்டு

சிக்கந்தர் வீட்டுக்கு வந்தான், பேரீச்சம்பழத்தோடு. அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு, வரி கட்டிய ரசீதைக் காட்டாமல் லாரி எடுக்க மாட்டோம் என்று ஆட்கள் நிற்கிறார்களாம். நாலு நாளாக லாரி ஓடவில்லை. காமாரியாவும் கூப்பிட்டுவிட்டாளாம்.

“ஆபிசுக்கு வந்து யாரு எங்க வேல செஞ்சான்னு சொல்லிடுங்க மாமு. வீட்டுக்குள்ள முடிச்சுக்குவோம்.”

“இருபத்திரண்டு வருசம் வீட்டுக்குள்ள இருந்ததுதாண்டா இது. காமாரியா மேசையில வந்து உக்காரு. அங்க சொல்றேன்.”

பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நூர் பீவி முகம் சுளித்தாள். சுளிக்கட்டும்.

7 பிப்ரவரி

வரி ஆபிஸில் இரண்டு நாள். நோன்பு வயிறு, வறண்ட தொண்டை. முப்பத்தேழு பேரையும் சொன்னேன். நாகநாதன் மார்ச்வரை லாரி. விலா எலும்பு உடைந்த பிறகு கிட்டங்கி. தவமணி மகன் ஜூனில் ஒன்பது நாள் தொங்கான், மற்றபடி லாரி. விநாசித்தம்பி எழுத எழுத, காமாரியா நடுநடுவே ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். ஒன்றும் தப்பவில்லை. சிக்கந்தர் எதிரே குனிந்து உட்கார்ந்து மூன்று பாரத்திலும் கையெழுத்துப் போட்டான். பிடித்த பணத்தைக் கட்ட ஒரு லாரியை விற்கிறானாம்.

சாட்சிக்கு நீங்களும் விரல் வைங்க மாமு என்று மைப் பெட்டியைத் தள்ளினான் பாருங்கள், அந்த வாப்பாவுக்குப் பிறந்தவன்! கையைக் கைலிக்குள் விட்டுக்கொண்டேன்.

28 பிப்ரவரி

பெருநாளும் போயிற்று. கடிதம் இல்லை. விமானம் ஏப்ரல் ஒன்பது.

19 மார்ச்

வந்தது. விநாசித்தம்பி நின்றபடியே படித்தார். நம்பர் மூடியாயிற்று, தடை இல்லை. நூர் பீவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படிங்க என்றாள். படித்தார். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதுக்கு எழுபது நாளா?

7 ஏப்ரல்

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் வீடு வீடாகப் போய், செய்த தப்புக்கெல்லாம் மாப்புக் கேட்க வேண்டும். மூன்று நாளாகக் கேட்டாயிற்று. மீன்காரனிடம்கூடக் கேட்டேன். ஒரு வீடு மட்டும் பாக்கி. நான் ஏன் போகணும்? அநியாயம் செய்தவன் அவன். நூர் பீவி என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

போனேன். உட்காரவில்லை. “ஆளுக முன்னால உன்னய ஏசுனேன். மவுத்தாப் போன உன் வாப்பாவ ஏசுனேன். மாப்புச் செய்” என்றேன்.

“மாப்புத்தான் மாமு. எனக்காகவும் துஆ கேளுங்க” என்றான்.

அவ்வளவுதான். என்னிடம் அவன் மாப்புக் கேட்கவில்லை. படிக்கட்டு இறங்கும்வரை மெதுவாக நடந்தேன், கூப்பிடுவானோ என்று. கூப்பிடவில்லை.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள். புத்தகத்தைப் பயணப் பெட்டியில் வைக்கப் போனேன். அது இங்கேயே இருக்கட்டும் என்று பிடுங்கி அரிசி டின் மேல் வைத்துவிட்டாள்.