வலப்பக்கத்து பிரேக்

இடக்கைக்காரியான என் அருமை மச்சாள் ரஜனிக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. உன் சைக்கிள் இன்னும் எங்கள் வெள்ளவத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது. கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று வெள்ளிக்கிழமைகளில் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறேன். சக்கரக் கம்பிகளுக்குள் பந்து போகாமல் நீ வட்டமாக வெட்டிக் கட்டிய விளம்பரத் தட்டியும் அப்படியே இருக்கிறது. அதில் இரசாயனவியல் டியூஷன் மாஸ்டரின் பாதி முகம். சக்கரத்தைச் சுற்றினால் அவர் இப்போதும் தலைகீழாகிச் சிரிக்கிறார்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஞாயிறு பின்னேரங்களில் நான் வந்ததும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"மச்சாள், இண்டைக்கு என்ன ஸ்கோர்?"

"மூண்டுக்கு ரெண்டு. கடைசி கோல் உன்ர அண்ணா அடிச்சவர்."

"அவரோ? சும்மா கதைக்காதேங்கோ. அவருக்கு கோல் எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

நீ சரியாகத்தான் பிடித்தாய். என் கணவர் கோல் அடித்தது மட்டுமல்ல, ஆட்டமே பொய். மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடுகிற ஆட்டம். நீ இல்லாமல் நாங்கள் ஐந்து பேர். நாங்கள் வழக்கமாக ஆடும் இரத்மலானை முற்றத்துக்குப் போவோம், பந்தைக் கொஞ்ச நேரம் தட்டுவோம், பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவோம். நீ படுத்திருந்த ஆறு ஞாயிறும் ஆறு ஸ்கோர் கட்டிச் சொன்னேன். நீ நம்பினாயா? அல்லது எனக்காக நம்பினதுபோல இருந்தாயா?

இதையெல்லாம் தொடக்கியவளே நீதான். சைக்கிளில் போலோ ஆடும் வீடியோ ஒன்றைத் தொலைபேசியில் காட்டி, "குதிரைக்கு நாங்கள் எங்க போறது? சைக்கிள் இருக்குத்தானே" என்றாய். அடுத்த வாரமே கட்டட வேலை நடந்த இடத்தில் தடித்த கறுப்புத் தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் கேட்டு வாங்கிவந்தாய். பழைய திரைச்சீலைக் கம்பிகள் கைபிடியாகின. பந்து துள்ளாமலிருக்க அதற்கு இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப். அந்த மட்டைக்குப் பெயர் தேடியபோது, "பொல்லு எண்டு சொன்னால் போதும்" என்று முடித்துவிட்டாய்.

தெஹிவளைப் பாலத்தில் பொலிஸ்காரர் மறித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதுகில் பொல்லுகளோடு ஆறு பேர், விடியற்காலை, எல்லோரும் நாற்பதை எட்டிப் பார்த்தவர்கள். இது என்ன என்று அவர் கேட்க, "பைப் வேலைக்குப் போறம், சேர்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நீ முகத்தைக்கூட அசைக்கவில்லை.

கால் நிலத்தில் பட்டால் ஆட்டத்துக்கு வெளியே. முற்றத்து வாசல் கேற்றடிக்கு ஓடிப்போய், அங்கே கட்டியிருக்கும் சைக்கிள் மணியை அடித்துவிட்டுத்தான் திரும்பி வரலாம். உனக்குக் கால் படுவதே அரிது. ஆனாலும் நீ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சும்மா ஒருமுறை அடிப்பாய், எங்களைக் குழப்ப. இப்போது அந்த மணி துருவேறி, இழுத்தால் கரகரக்கிறது.

போன மாதம் எங்களுக்கு ஆறாவது ஆள் கிடைத்தது. என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி ஷிஃபா, முப்பது வயது, தம்பிமாரோடு சைக்கிள் ஓடி வளர்ந்தவள். அவளிடம் சொந்தச் சைக்கிள் இல்லை. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உன்னுடையதைக் கொடுத்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலக்கையில் பொல்லோடு வேகமாக வந்தவள், கோலுக்கு வைத்த பெயின்ற் வாளிகளை இடித்துக்கொண்டு மதிலோடு போய் விழுந்தாள். முழங்கை உரிந்து இரத்தம். நிலத்தில் இருந்தபடியே கேட்டாள்:

"அக்கா, இதுக்கு பிரேக் எங்க ஈக்கி?"

வலப்பக்கத்தில். நீ இடக்கையால் ஆடுகிறவள். ஹேண்டிலைப் பிடிப்பது உன் வலக்கை. அதனால் இருந்த ஒரே பிரேக்கையும் அந்தப் பக்கம் மாற்றியிருந்தாய். நாங்கள் எல்லோரும் பிரேக் பிடிப்பது இடக்கையால். ஷிஃபாவின் இடக்கை பிடித்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பதினான்கு மாதங்களாக அந்தச் சைக்கிளைத் துடைத்தவள் நான். இதைச் சொல்ல எப்படி மறந்தேன்? மறக்கவில்லை, ரஜனி. நீ இருந்த விதமே எனக்கு வழக்கமாகிவிட்டது. இன்னொருத்திக்கு அது பிழையாகும் என்று தோன்றவேயில்லை.

"வேற ஒண்டு ஈந்தா சொல்லுங்கக்கா, வாறன். இதுல ஏலாது" என்று சொல்லிவிட்டு ஷிஃபா போய்விட்டாள்.

அன்று பின்னேரம் உன் அண்ணா குறட்டோடு மாடிப்படிக்குக் கீழே குந்தினார். "பத்து நிமிஷ வேலை. பிரேக்கை மற்றப் பக்கம் மாத்தட்டே?"

"வேண்டாம்."

"அப்ப ஷிஃபா எதில ஓடுறது? அவளும் வராட்டில் இது முடிஞ்சுது. மற்ற மூண்டு பேரும் எத்தினை நாளைக்கு பிளேன்ரீ குடிக்க மட்டும் வருவினம்?"

அவர் குறட்டைக் கீழே வைத்தார். "அவள் என்ர தங்கச்சி. இதைத் தாண்டி ஒவ்வொரு நாளும் மேல ஏறுறது எனக்கு மட்டும் லேசெண்டே நினைக்கிறீர்?"

அவர் மேலே போனபிறகு குறட்டை நானே எடுத்தேன். வலப்பக்கத்துப் பிடியில் சுற்றிய டேப்பில் உன் நான்கு விரல்களும் பதிந்து தேய்ந்த பள்ளம். என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். சுவரில் சாய்த்திருந்த உன் பொல்லை இடக்கையில் எடுத்தேன். குறடு மறுபடி கீழே கிடந்தது.

என் சைக்கிளை ஷிஃபாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் உயரத்துக்கு இருக்கையை இறக்கிக் கொடுத்தவர் உன் அண்ணா.

மூன்று வாரமாக வேலைக்குப் போகமுன் கடற்கரை வீதியில் இடக்கையால் பழகுகிறேன். உன் பொல்லு எனக்கு இரண்டு விரற்கடை குட்டை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது. இதுவரை ஒரு பந்துகூட நேராகப் போகவில்லை. நடைக்கு வரும் சிங்கள அங்கிள் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "நோனா, கை பிழை" என்று சத்தம் போட்டார். "தெரியும் அங்கிள்" என்றேன். இந்தக் கையால் நீ எப்படித்தான் அவ்வளவு தூரம் அடித்தாய்? ஒருமுறையாவது கேட்டு வைத்திருக்கலாம்.

வருகிற ஞாயிறு நாங்கள் ஆறு பேர். மணிக்கும் எண்ணெய் விட்டாயிற்று. என் கால் எத்தனை தரம் நிலத்தில் படும் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் கேற்றடிக்குப் போய் உனக்குக் கேட்குமளவுக்கு அடித்துவிட்டுத் திரும்பி வருவேன். பின்னேரம் உன் படத்துக்கு முன்னால் வந்து ஸ்கோர் சொல்லுவேன். பத்துக்கு ஒன்றுமில்லை என்று தோற்றாலும், இந்தமுறை உள்ளதைத்தான் சொல்லுவேன்.

உன்ர பொல்லைப் பிழையான கையில் பிடித்திருக்கும்
உன் மச்சாள்,
கௌரி