சைலன்சர் பூட்டிய துவக்கும் மடித்த தாளும்

மச்சான்,

இன்று மத்தியானம் உங்கள் மூத்த மகளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். ஹீற்றரைக் கூட்டிவிட்டதும் அவளுடைய கையிலிருந்து துவக்குத் துடைக்கும் எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த மணம் கிளம்பிக் கார் முழுக்க நிரம்பியது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கப் போனாள். கிடக்கட்டும், பூட்டு என்றேன். இந்த மணத்தோடுதான் சனிக்கிழமைதோறும் நீங்கள் அதே சீற்றில் இருந்து வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவீர்கள். எனக்கு உங்களோடு கதைக்க வேண்டும் போல் வந்துவிட்டது. அதுதான் சமையலையும் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் என் மாமா மகன். நகர பஸ் ஓட்டியே தலை நரைத்த மனிதர். கிழமை முழுக்க ஸ்ரியறிங் பிடிக்கிறவன் சனிக்கிழமையும் பிடிப்பதோ என்று கேட்டு, என்னைச் சாரதியாக்கினீர்கள். ரொறன்ரோவின் ஸ்காபறோவிலிருந்து நகரத்துக்கு வெளியே அந்தக் குறிசுடும் கழகம் வரைக்கும், பனியோ மழையோ, நான்தான் ஓட்டினேன். வெளியில் குளிரில் காத்திருந்து அலுத்துப்போய், பிறகு நானும் உள்ளே வந்து பாடம் படித்து, லைசன்ஸ் எடுத்து, உங்கள் பக்கத்து மேசையில் கையூன்றிச் சுடத் தொடங்கினேன். சனம் சிரித்தது. துவக்குக்குப் பயந்து ஓடி வந்ததுகள் இஞ்சை வந்தும் துவக்குத் தூக்குதுகள் என்று வோபர்ன் பக்கம் ஒரு பிறந்தநாள் விழாவில் எங்கள் காதுபடவே சொன்னார்கள். நீங்கள் றோல்ஸைக் கடித்தபடியே பதில் சொன்னீர்கள்: "அங்கை துவக்கு என்னைத் தேடி வந்தது. இஞ்சை நான் கடதாசிக் குறியைத் தேடிப் போறன்."

உங்கள் துவக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சின்ன ரவை போடுகிற அரைத் தானியங்கி. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு சூடு, அடுத்த ரவையை அதுவே ஏற்றிக்கொள்ளும். வாங்கிய நாளில் இருந்த எந்தப் பாகமும் கடைசியில் அதில் இருக்கவில்லை. குழலை மாற்றினீர்கள், பிடியை மாற்றினீர்கள், விசையை மாற்றினீர்கள். கலியாணப் பொம்பிளைக்கு நகை சேர்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சேர்த்தீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் சேர்க்க முடியவில்லை. சைலன்சர். இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் அதை வைத்திருக்கச் சட்டம் இடம் கொடாது. எட்டாப் பழம் புளிக்கும் என்ற கதையாக, சைலன்சர் பூட்டினால் துவக்கு கெட்டுப்போகும் என்று சாதிக்கத் தொடங்கினீர்கள். ரவையின் வேகம் குறையும், குறி தவறும், வாயைப் பொத்தினால் எவன் நேராகக் கதைப்பான் என்பதெல்லாம் உங்கள் வாதம். நோர்வேயில் இருக்கும் உங்கள் தம்பி, அங்கே அது சாதாரண விசயம், வேட்டைக்காரர் எல்லாரும் பூட்டுகிறார்கள், குறி இன்னும் நன்றாகத்தான் விழுகிறது என்பார். போனில் அண்ணனும் தம்பியும் கத்துகிற கத்தலுக்கு இரண்டு வீட்டுக்கும் சைலன்சர் தேவைப்பட்டது.

பிறகுதான் உங்கள் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு கலியாண வீட்டில் தேத்தண்ணி வேட்டியில் கொட்டுப்பட்டதை எல்லாரும் பார்த்தார்கள். வயதோடு வருகிற நடுக்கம்தான், மேசையில் கையை ஊன்றினால் நின்றுவிடுகிறது, குறி சுடத் தடையில்லை என்று டொக்டர் சொன்னார். வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. துவக்கை விற்கச் சொன்னார்கள். அந்த நேரம் கழகத்திலும் உங்கள் சூடுகள் தாள் முழுக்கச் சிதறிக்கொண்டிருந்தன. வாய் ஓயாத மனிதர் காரில் வாய் திறக்காமல் வந்த சனிக்கிழமைகள் அவை. தம்பி மகனின் கலியாணத்துக்கு உங்கள் மனுசியும் நானுமாக எல்லாரும் நோர்வே போகப் புறப்பட்டபோது என்னிடம் சொன்னீர்கள்: "மச்சாள், அங்கை ஒருக்காச் சுட்டுப் பாக்கிறன். கை சரியில்லையெண்டால் வந்த உடனை நானே வித்துப்போடுவன்."

கலியாணம் முடிந்து தம்பி எங்களைத் தன் கழகத்துக்குக் கூட்டிப்போனார். காட்டோரம், மேசைகள் வரிசையாக, ஈரமான ஊசியிலை மணம். அவரிடமும் உங்களுடையதைப் போலவே பார்த்துப் பார்த்துச் செய்த துவக்கு. முனையில் சைலன்சரைத் திருகிக் கொடுத்தார். நீங்கள் கையை ஊன்றி, மூச்சை விட்டு, ஐந்து தரம் சுட்டீர்கள். ஒரு பலகையைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. தம்பி தூரம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. நடு வட்டத்தில் ஒரு துளையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. ஒரு நோர்வேக்காரன் என்றால் தாளைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, இந்தா உன்னுடைய லட்சணம் என்றிருப்பான். தம்பி போய்த் தாளைச் சரியாகப் பாராமலே கழற்றி, நாலாக மடித்து ஜக்கெற் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு வந்தார். அண்ணை களைத்துப்போனார், குளிருது, போய்க் கோப்பி குடிப்பம் என்றார். உங்கள் மனுசி உங்கள் தோளில் சால்வையைப் போட்டுவிட்டா. மரியாதை, மச்சான். மூத்தவருடைய முகம் கோணக்கூடாதே. நீங்களும் அந்த மரியாதையைப் புரிந்துகொண்டு, தாளைக் கேட்காமலேயே எழும்பிவிட்டீர்கள். காரில் ஏறினால் கதை முடிந்தது. ரொறன்ரோ போனதும் துவக்கு விலைப்படும்.

நல்லகாலம், நான் மச்சாள். எனக்கு உங்கள் முகம் கோணுவதைப் பற்றிக் கவலை இல்லை. பகிடி பண்ணத்தான் தம்பியின் பொக்கெற்றுக்குள் கையை விட்டுத் தாளை இழுத்தேன். விரித்துப் பார்த்தேன். ஐந்து துளையும் இடப்பக்கம், கீழே, ஒரு இருபத்தைந்து சதக் குற்றிக் காசால் மூடிவிடலாம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. நீங்கள் கையை நீட்டி வாங்கிப் பார்த்தீர்கள். தாள் நடுங்கியது. உங்கள் குரல் நடுங்கவில்லை.

"டேய், இது கைப்பிழையில்லை. கைப்பிழையெண்டால் சிதறியிருக்கும்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். துவக்கில் குறி பார்க்கிற ஸ்கோப்பை முந்தின கிழமைதான் சைலன்சர் இல்லாமல் சரிசெய்து வைத்தாராம். குழலின் முனையில் அவ்வளவு பாரம் ஏறினால் சுடும்போது குழல் அதிர்கிற விதம் மாறும், ரவை வேறு இடத்தில் போய் விழும். ஆனால் ஒவ்வொரு தரமும் அதே வேறு இடத்தில்தான் விழும். ஸ்கோப்பின் திருகைத் திருப்பி, குறியை நடுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த ஐந்தும் நடு வட்டத்துக்குள் போயின. தம்பி சுட்டார். அவருடைய துளைகள் உங்களுடையவற்றைவிட அகன்று கிடந்தன. தன்னுடைய துவக்கில், தன்னுடைய கழகத்தில், அண்ணனிடம் தோற்ற சந்தோசத்தில் அந்த மனிதன் அழுதேவிட்டான்.

ரவையின் வேகம் அளக்கிற பெட்டியையும் வைத்துப் பார்த்தார்கள். வேகம் குறையவில்லை. உங்கள் பழைய வாதம் அங்கேயும் தோற்றது. அதையும் ஒத்துக்கொண்டீர்களா? இல்லை. அடைபட்ட புகை பின்னால் திரும்பி வந்து உங்கள் மூக்கைக் கரியாக்கியிருந்தது. துவக்கைக் கழற்றினால் உள்ளேயும் வழமையைவிட அழுக்கு. "பாத்தியோ, வாயைப் பொத்தினால் மூக்காலை வரும் எண்டு நான் சொன்னனான்" என்றீர்கள். அப்படி ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லை. கரி மூக்கோடு சிரித்துக்கொண்டு நின்ற உங்களுக்கு அன்று எதையும் விட்டுக்கொடுக்கலாம் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

ரொறன்ரோவில் சைலன்சர் இல்லைத்தான். ஆனால் சத்தம் அடங்கியபோது உங்கள் சூடுகள் ஏன் ஒரே இடத்தில் விழுந்தன என்பதைத் திரும்பி வருகிற விமானத்திலேயே பிடித்துவிட்டீர்கள். உங்களுக்குப் பிழைத்தது கை இல்லை, காது. வெடிக்கப் போகிறது என்ற நினைப்பில் விசையை இழுக்கும் முன்பே உங்கள் தோள் சுருங்கியிருக்கிறது. எங்களுக்கு அது பழைய வியாதி, எங்கே பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் காதுமூடி, கை மேசையில். வசந்தத்தில் கழகப் போட்டியில் உங்களைவிட இளையவர்கள் எல்லாரையும் பின்னால் விட்டீர்கள். கிண்ணத்தைத் தூக்கும்போது கை ஆடியது, ஆடட்டும் என்று தூக்கிப் பிடித்தீர்கள்.

அதற்குப் பிறகு நல்ல வருசங்கள் கிடைத்தன. பிறகு ஆஸ்பத்திரி. எல்லாம் மகளோடை கதையுங்கோ என்று டொக்டரிடம் நீங்களே சொல்லிவிட்டுப் படுத்திருந்தீர்கள். மூத்தவள் உங்களிடம் வயிற்றுப் புண், மாறிவிடும் என்றாள். வெளியில் வந்து என் கையைப் பிடித்து, அப்பா தாங்க மாட்டார், சொல்லிப்போடாதைங்கோ அன்ரி என்று கெஞ்சினாள். அவளுடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நோர்வேயில் தம்பியின் பொக்கெற் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, அது புண் இல்லை, புற்றுநோய், நாள் கொஞ்சம்தான் என்று உங்களுக்குச் சொன்னேன். சொல்லும்போது நான்தான் அழுதேன். 

"அப்ப இந்தச் சனிக்கிழமை போவம்" என்றீர்கள்.

போனோம். எங்கள் கழகத்துக்கு ஒருநாளும் வராத உங்கள் மனுசி காதுமூடியோடு பின்னாலிருந்த பெஞ்சில் வந்திருந்தா. நீங்கள் ஐந்து சூடு சுட்டீர்கள். தாளை அவவே கழற்றி வந்தா, மடிக்கவில்லை, எல்லாருக்கும் தெரிய இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தா. நடு வட்டம் கிழிந்து போயிருந்தது. உங்கள் மனுசி அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அந்த ஒரு சனிக்கிழமைக்காக உங்கள் மகளுடைய கோபத்தை நான் எத்தனை காலமும் சுமப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சுமக்கத்தான் வேண்டியிருந்தது. செத்தவீட்டிலும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன கிழமை தானாகப் போன் எடுத்தாள். அப்பா போற இடத்துக்கு என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறீங்களோ என்று கேட்டாள்.  

இன்று போனோம். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். ஐந்து தரம் சுட்டாள். தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்து, தான் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அன்ரி, ஒனெஸ்டாச் சொல்லுங்கோ. எப்பிடி?"

ஒன்று மேலே, ஒன்று மூலையில், ஒன்று பக்கத்து வட்டத்தில். மற்ற இரண்டும் எங்கே போயின என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"படு கேவலம், பிள்ளை" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தாளைத் தானே கொண்டுபோய் மாட்டினாள்.