ஏழு நிமிடம் முந்தி ஓடிய ஆபீஸ்

பழைய சர்வரின் முன்மூடியைக் கழற்றியபோது சந்தன வாசனை வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீ குழைத்து வைத்த பொட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, காற்றுப் போகும் துளைகளில் பாதியை அடைத்திருந்தது. "மூச்சு விட வழியில்லாம பண்ணிட்டியேடி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால், பொட்டு வைக்காத மிஷின் என்ன மிஷின் என்று சண்டைக்கு வந்திருப்பாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னோடு வாயாடுவதை நான் இன்னும் விடவில்லை.

செய்தி இதுதான். நீ கட்டி வைத்த நெட்வொர்க்கைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டேன். நானேதான் மாற்றினேன். சிரிக்காதே.

வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் எட்டுப் பேர் ஆபீஸுக்கு சர்வர் எதற்கு என்று முதலில் கேட்டவளே நான்தான். யார் உள்ளே வரலாம், யார் எந்த பிளானைத் திறக்கலாம் என்று ஒரே இடத்திலிருந்து சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதற்குப் பெயர் டொமைன் கன்ட்ரோலர் என்று நீ விளக்கினாய். எனக்குப் புரியவில்லை. "நம்ம முருகன் அண்ணன் கேட்ல நிக்கிறாருல்ல, அந்த வேலைதான்" என்றாய். பிளாட்டரில் பிளான் அச்சடிக்கும் முருகன் அண்ணனுக்கு, யார் வந்தாலும் எழுந்து போய் யார் என்னவென்று விசாரிக்கும் பழக்கம் உண்டு. அப்போது புரிந்தது. நாம் இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம், ஒரே டிப்ளமோ. நீ மட்டும் எங்கிருந்தோ இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தாய்.

எட்டு கம்ப்யூட்டருக்கும் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களின் பெயரை வைத்தவளும் நீதான். முதலாளி சாருக்குக் குபேரன். எனக்கு எமன். "ஏன்டி எனக்கு மட்டும்?" என்று கேட்டதற்கு, வாசலிலிருந்து வலமாக எண்ணினால் என் மேஜையும் எமலிங்கம் போல மூன்றாவதாக வருகிறது, நான் என்ன செய்யட்டும் என்றாய். "எமன் தொங்கிட்டான்", "எமனை அணைச்சிட்டுப் போங்க" என்று காலம் முழுக்க என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சர்வர் என் தலையில் விழுந்தது. அதையும் இதையும் படித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் அது ஒரே வாரத்தில் மூன்று முறை நின்றது. சார் புதிதாக ஒன்று வாங்கினார். "உங்களால முடியாட்டி சொல்லுங்கம்மா. மொத்தமா வெளியாளுங்க கிட்ட விட்டுடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியாள் வந்தால் நீ செய்ததையெல்லாம் ஒரு நாளில் வழித்துப் போட்டுவிடுவான். திங்கட்கிழமை காலை எட்டு கம்ப்யூட்டரும் உள்ளே போகும், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

சார் நாள் பார்த்தார். பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். உதவிக்கு வருவதாக இருந்த வேலூர் பையன், பௌர்ணமிக்கு வண்டியெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது தெரிந்ததும் போனிலேயே கழன்றுகொண்டான். நானும் இரண்டு சர்வரும்தான். கீழே தெருவில் கிரிவலக் கூட்டம் சாரிசாரியாக நடந்துகொண்டிருந்தது.

புதியது பழையதோடு சேர மறுத்தது. பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி. மூன்றாம் முறை செய்தியை நிதானமாகப் படித்தேன். இரண்டு மிஷினின் நேரமும் ஒத்துப்போகவில்லை என்றது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்றை ஒன்று நம்பாதாம். புதியதில் மணி 2.10. நம்முடையதில் 2.17.

அந்த ஏழு நிமிடம் எனக்குப் புதிதில்லை. நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாமே ஏழு நிமிடம் முந்தித்தானே ஓடும்! ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் போனோடு ஒப்பிட்டு உன்னிடம் கேட்டேன். "பேட்டரி போயிடுச்சு, அப்படித்தான் ஓடும்" என்றாய். நம்பினேன். பேட்டரி போனால் நேரம் பின்னால்தான் போகும் என்பது இப்போதுதான் தெரிகிறது. என்னை எவ்வளவு சுலபமாக ஏமாற்றியிருக்கிறாய்!

பழையதில் நேரத்தைத் திருத்தினேன். திரும்பவும் கூடிக்கொண்டது. மறுபடி திருத்தினேன், மறுபடி கூடியது. நாலரைக்குள் முடியாவிட்டால் சார் வெளியாளுக்குப் போன் போட்டுவிடுவார். பழைய சர்வரில் தானாக ஓடும் வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் 'பஸ்' என்று ஒன்று இருந்தது. சரியான நேரத்தை எடுத்து அதில் ஏழு நிமிடம் கூட்டிவிடும் வேலை. மேலே உன் குறிப்பு: "கீழ்பென்னாத்தூர் பஸ் 5.40. எமன் சீட்டு புடிச்சாகணும். ஏழு நிமிஷத்தைக் கம்மி பண்ணாதீங்க."

அதை மூன்று முறை படித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. 5.40 பஸ்ஸை விட்டால் அடுத்ததில் போய் இறங்க எட்டாகிவிடும். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடக்கும். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை என் மடியில் போடுவார். சாரோ, கம்ப்யூட்டரில் ஐந்தரை ஆனால்தான் ஐந்தரை என்பவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிட நடை. வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸின் முதுகைத்தான் பார்ப்பேன். வேலையை விடுவதாக எழுதி உன்னிடம்தான் காட்டினேன். "பத்து நாள் பொறு" என்று மடித்து உன் பையில் வைத்துக்கொண்டாய். அதற்குள் எப்படியோ பஸ் தவறாமல் கிடைக்க ஆரம்பித்தது. என் நடையில் வேகம் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். இரட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஒரு மூடியை வாங்கிக் கடித்துக்கொண்டே, "பிள்ளையார் கைவிடமாட்டாருடி" என்றாயே, அடிப்பாவி!

அந்த வேலையை நிறுத்தினேன். அழித்தேன் என்று எழுத மனம் வரவில்லை, நிறுத்தினேன். இரண்டு மிஷினுக்கும் ஒரே நேரம் வந்தது. புதியது சேர்ந்தது. பழையது தன் பொறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்தது. அது உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், செத்த பிறகு என்றால் பிடுங்கத்தான் வேண்டும், அதில் பாதி தொலைந்துபோகும். எல்லாம் முடிந்தபோது மணி நாலு இருபது. சத்தியமான நாலு இருபது.

திங்கட்கிழமை இந்திரன் உள்ளே போனான், அக்னி போனான், எமன் என் கையாலேயே போனான். ஈசானியம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உள்ளே போனது. எட்டும் போய்விட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே சார் அறைக்குப் போய், இனிமேல் கம்ப்யூட்டரில் நேரம் சரியாக இருக்கும், முன்பு ஏழு நிமிடம் ஜாஸ்தி ஓடியது என்று, உன் பெயரைச் சொல்லாமல், பூசி மெழுகினேன்.

சார் தலை நிமிரவில்லை. "அப்போ உங்க பஸ்ஸுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன்.

"அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டுட்டுதாம்மா செஞ்சுது. சாயங்காலம் ஏழு நிமிஷம் முன்னாடி விட்டா, காலையில ஏழு நிமிஷம் முன்னாடி எல்லாரையும் வர வெக்கிறேன்னு சொல்லுச்சு. ஒவ்வொருத்தர் கிட்டயும் போய்க் கேட்டுது."

வெளியே வந்து முருகன் அண்ணனைப் பிடித்தேன். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம? அடி அண்ணாமலை வீட்டுலருந்து நான் ஏழு நிமிஷம் முன்னாடி கெளம்பலையா? உங்க கிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. சொன்னா அவ ரோஷத்துல அன்னைக்கே வேலைய விட்டுடுவான்னு சொல்லுச்சு."

விட்டுத்தான் இருப்பேன். என்னை உனக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது. யார் தயவும் வேண்டாம், என் காலில் நிற்கிறேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த வருஷங்கள் முழுக்க, ஆறு பேர் வீட்டில் காலை இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு எனக்காக ஓடி வந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தில்கூட அது தெரிந்ததில்லை. நீ போன பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் புது சர்வரின் நேரப்படி ஐந்து இருபத்திமூன்றுக்கு முருகன் அண்ணன் பிளாட்டரை விட்டு எழுந்து வந்தார். "எமனை அணைச்சிட்டுக் கெளம்பும்மா, பஸ் போயிடும்" என்றார். குபேரன் இருக்கும் அறையிலிருந்து சார் தடுக்கவில்லை. மகள் பத்தாவது படிக்கிறாள், இப்போது அவசரம் ஒன்றுமில்லை, நான் ஐந்தரைக்கே போகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. பழைய ரோஷம்தான். விழுங்கிக்கொண்டேன்.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்தவர் உதவியை வாங்கிக்கொள்வதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, அதையும் நீதான் செய்து கொடுத்திருக்கிறாய். நன்றி சொல்லக்கூட விடாமல் போய்விட்டாயே என்று கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் வரும் வரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.