நீ துடைத்துப் போட்ட குரல்

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை.

வெளிவராமலே கிடந்த உங்கள் ராக் ஆல்பத்தை இத்தனை வருஷம் கழித்துக் கம்பெனி வெளியிட்டிருப்பதாகப் பேத்திதான் காட்டினாள். அட்டையில் உன் அத்தான் டிரம்ஸுக்குப் பின்னால் சிரிக்கிறார். போடச் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே உன் கிட்டார் வந்தது.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் குச்சியைத் தட்டி, ஏழு வரை வாய்விட்டு எண்ணுவார். அப்புறம்தான் நீங்கள் ஆரம்பிப்பீர்கள். என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே பதிவு செய்தீர்கள்? அடுப்பை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் நின்ற எனக்கா தெரியாது?

அவர் எண்ணுவது எங்கே போயிற்று என்று போனில் கேட்டால் நீ சிரிக்கிறாய். "அதெல்லாம் வெறும் சத்தம்க்கா. சுத்தம் பண்ணச் சொன்னதே நான்தான்."

சத்தமா? வீடு நிறைய அவர் போட்டோ இருக்கிறது. ஒன்றாவது வாயைத் திறக்குமா?

அவர் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் மாலையோடு வந்து நின்றாய். அதை விழுங்கினேன். இதை விழுங்க மாட்டேன்.

பழைய டேப் உன்னிடம்தான் இருக்கிறது. சுத்தம் செய்யாமல் அப்படியே ஒரு நகல் எடுத்து அனுப்பு. உங்கள் பாட்டு எனக்கு வேண்டாம். அவர் எண்ணி முடித்ததும் நிறுத்திவிடுவேன்.

எதையும் மறக்காத
உன் அக்கா