பசுமலைக்குப் போன பானை

ஆனி 3, ஞாயிறு

என் கருவண்டே, காலையிலிருந்து மேல்காற்று. விளாங்குடி முழுக்கப் புழுதி. உன் சாமான்களைத் தட்டி வைத்தேன். விசில். பூட்ஸ் ஒரு ஜோடி, இடது காலில் ஓட்டை. முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம், பாதி பாட்டில். பானையை மட்டும் தொடவில்லை. நீ போய்ச் சேர்ந்து இருபது நாள்.

நம் காலனியிலிருந்து மில் ஃபுட்பால் டீமில் முதலில் ஆடியவன் நீ. பாதி ஆட்டத்தில் மற்றவர்களுக்கு டம்ளர், உனக்குக் கையில் ஊற்றுவார்கள். பன்னிரண்டு வருஷம் குனிந்தே குடித்தாய். கோச் ஆன அன்றே நம் வீட்டுப் பானையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாய். ஒரு பானை, ஒரு டம்ளர். "குடிக்கிறவன் ஆடு, குடிக்காதவன் ஓரமா உக்காந்து பாரு." ஊர்த்தெரு ராசாங்கம் உட்கார்ந்துவிட்டான். எட்டு நாள். ஒன்பதாம் நாள் மடமடவென்று குடித்தானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஆனி 5, செவ்வாய்

ரசம் மட்டும். மில்லில் குழாய் வைத்த டிரம் வாங்கிவிட்டார்களாம், ஆளுக்கொரு டம்ளராம். பக்கத்து வீட்டுச் செல்லம்மா சொன்னாள். உன் பானை அவ்வளவுதானா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ராசாங்கம். இப்போது அவன்தான் கேப்டன். நேரே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மதினி, ஞாயித்துக்கெழம பசுமலையில மேட்ச்சு. பானைய எடுக்க வாரேன்."

"அதான் டிரம்மு இருக்காமே."

"அது கெடக்கு. அண்ணே பானை இல்லாம நான் எறங்க மாட்டேன்."

மதினி என்கிறான். அந்த எட்டு நாள் ராசாங்கம்.

ஆனி 10, ஞாயிறு

பானை கழுவி, தண்ணீர் பிடித்து, எலுமிச்சை எட்டு பிழிந்தேன். உப்பு எப்போதும் நீதான். "நீ போட்டா கடலாயிரும்டி." கைக்கு வந்ததைப் போட்டேன். ஆடுகிறவன் குடிக்கும் முன் வீட்டில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பாய். ருசி பார்க்கவில்லை. நானும் கூடப் போனேன்.

பாதி ஆட்டம். முதல் டம்ளர் ராசாங்கம். முகம் கோணிவிட்டது.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல. குடி."

அடுத்தவன் குடித்தான். "யாத்தே! மதினி, ராமேஸ்வரத்துல போய் மொண்டு வந்தீகளா?"

எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும். ஆனால் ஒருத்தர் விடாமல் அதே டம்ளரில் குடித்தார்கள். பானை காலி. டிரம்மைத் திறக்கவேயில்லை. ஒரு கோலில் தோற்றோம்.

அடுத்த ஞாயிறும் பானை வேண்டுமாம். "உப்ப மட்டும் பாத்துப் போடுங்க மதினி."

நீ எம்புட்டுய்யா போடுவ?